யாரும் பதறவில்லை

பம்பாய் செம்பூரில், ரயில்வே லைனுக்குக் கிழக்கே, முன்பு பிஸ்கட் கம்பெனி இருந்த இடத்தில் 'சமன்' வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று மர்யமுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது எப்படி என்பதைத்தான். அதற்கென்று ஒரு ஆள் இருந்தார். சாத்திக் காட்டினார். மர்யமும் சாத்திக் காட்டினாள். பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மர்யம் தாராவிக்காரி. வாப்பா தோல் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். அவர் போன பிறகு வீட்டில் உம்மாவும் அவளும்தான். வேதியியல் படித்துவிட்டு விக்ரோலியில் சாயம் சோதிக்கும் லேப் ஒன்றில் இருந்தவளை, 'ஸ்மார்ட் மெட்டீரியல்' பாடம் நடத்த ஆள் வேண்டும் என்று கல்லூரியில் எடுத்துக்கொண்டார்கள். சூடு பட்டால் நிறம் மாறும் மை, மின்சாரம் பாய்ந்தால் தானே வளையும் கம்பி, ஈரம் பட்டால் விரியும் துணி, இதெல்லாம்தான் பாடம். ஒப்பந்த வேலை. டெர்முக்கு டெர்ம் புதுப்பிப்பார்கள்.

கல்லூரியின் டைரக்டர் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காவில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, அங்கே ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் அமைதியைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பியவர். மர்யம் தமிழ் பேசுபவள் என்று தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம். "தாராவியா? அங்கேர்ந்தா இவ்ளோ மெதுவாப் பேசறேள்?" என்று பாராட்டினார்.

ஒருநாள் மர்யம் வகுப்பில் 'காம் டெக்னாலஜி', அதாவது அமைதியான தொழில்நுட்பம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனிதனை நச்சரிக்காத கருவி எப்படி இருக்க வேண்டும் என்பது அன்றைய பாடம்.

"குக்கரைப் பாருங்கள்," என்றாள். "அடுப்பில் அதுபாட்டுக்கு இருக்கிறது. நீங்கள் காய் நறுக்குகிறீர்கள், போனில் பேசுகிறீர்கள். அது உங்களைத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் நேரம் வந்தால் விசில் அடிக்கிறது. ஓரமாக இருப்பது பாதி வேலை. வேண்டிய நேரத்தில் முன்னால் வந்து நிற்பது மீதிப் பாதி. முன்னால் வரத் தெரியாத கருவிக்கு அமைதி என்று பெயரில்லை. அது வெறும் ஊமை."

டைரக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பாதி வரைக்கும் கேட்டார். பிறகு யோசனை வந்துவிட்டது போலிருக்கிறது, போய்விட்டார்.

அடுத்த வாரம் கல்லூரி மணியைக் கழற்றினார்கள். வகுப்பு முடிவதை மாணவர்கள் தாங்களாகவே உணர வேண்டும் என்று சொன்னார்கள். சிலர் சீக்கிரமே உணர்ந்துவிட்டார்கள். லிஃப்டின் 'டிங்' சத்தம் போனது. யார் எப்போது உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாமல் கதவு திறந்ததும் இரண்டு பக்கமும் திடுக்கிட்டார்கள். கேன்டீனில் எவர்சில்வர் தட்டுகள் போய் மூங்கில் தட்டுகள் வந்தன. கைதட்டுவதை நிறுத்திவிட்டு, பாராட்ட வேண்டுமானால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைக்க வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முந்நூறு பேர் அப்படிக் கைகளை அசைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, மர்யமுக்கு வெள்ளத்தில் மாட்டியவர்கள் ஞாபகம்தான் வரும்.

ஆசிரியர்களின் மேசைமேல் ஆளுக்கொரு சின்ன விளக்கு வைத்தார்கள். நிர்வாகத்துக்கு உங்கள்மேல் திருப்தி என்றால் நீலம். யோசனை என்றால் மஞ்சள். மெமோ கொடுப்பது, கூப்பிட்டுத் திட்டுவது எல்லாம் ஒழிந்துவிட்டதாக டைரக்டர் பெருமைப்பட்டார். "யாரையும் நாம புண்படுத்தறதில்லை. லைட் மாறும். அவாளாப் புரிஞ்சுண்டுடுவா," என்றார்.

ஆனால் உண்மையான மாற்றம் கடைநிலை ஊழியர்களுக்குத்தான் வந்தது. நல்ல கருவி எப்படிப் பின்னணியில் கலந்திருக்கிறதோ, அதுபோல நல்ல ஊழியனும் கலந்திருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. அவர்களுக்குச் சுவரின் நிறத்திலேயே சாம்பல் யூனிஃபார்ம் தைத்தார்கள். நடையின் நடுவில் வராமல் சுவரோரமாக நடக்கச் சொன்னார்கள். பதவியின் பெயரும் 'பெரிஃபெரல் ஸ்டாஃப்' என்று மாறியது.

அடித்தளத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொண்டவர் சொரிமுத்து. தாராவியில் மர்யம் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. திருநெல்வேலிப் பக்கம். பத்து வருஷத்துக்கும் மேலாக அங்கே வேலை பார்த்தவர்.

"டீச்சர், பெரிபெரல்ன்னா என்ன?" என்று கேட்டார்.

"பின்னணின்னு வெச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"பின்னணியா? ஊட்டுல சொன்னா எந்தப் படத்துல பாடுதியன்னு கேப்பா," என்றார். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமினார். ஒர்க்‌ஷாப்பில் ரெசின் என்ற பிசினை ஊற்றி, வார்னிஷ் அடித்து, அந்தக் காற்றிலேயே இருந்தவர். புகையை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன் ஒன்று இருந்தது. அது உறுமுகிறது என்று, அமைதி இயக்கத்தின் முதல் மாதத்திலேயே எடுத்துவிட்டார்கள். ரம்பச் சத்தம் மேலே வருகிறது என்று, சினிமா ஸ்டூடியோவில் இருப்பதுபோல ஒரு தடித்த கதவையும் போட்டார்கள். உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது என்று கதவுக் கம்பெனிக்காரர் சர்டிபிகேட் கொடுத்திருந்தார்.

கடைசியாக அபாய மணியின் முறை வந்தது.

தீ, புகை, வாயு எது வந்தாலும் அலறும் பழைய அலாரம் அது. அதைக் கழற்றி, வரவேற்புக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'கூச்சலின் காலம்' என்று கீழே எழுதினார்கள். அதற்குப் பதிலாக அதே கூடத்தின் நடுவில் ஒரு பூ வந்தது.

பூவைச் செய்தவள் ஸ்ரீலேகா, மர்யமின் மாணவி, செம்பூர்ப் பெண். நல்ல கெட்டிக்காரி. ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பட்டுத்துணி இதழ்கள், உள்ளே வளையும் கம்பிகள். அடித்தள ஒர்க்‌ஷாப்பில் ஒரு சென்சார். கீழே காற்று நன்றாக இருந்தால் பூ மொட்டாக இருக்கும். கெட ஆரம்பித்தால் பாதி விரியும். முழுதாக விரிந்தால் எல்லோரும் உடனே கட்டடத்தைவிட்டு வெளியேற வேண்டும். வகுப்புப் பயிற்சிக்காக ஸ்ரீலேகா செய்தது. மர்யம் அதற்கு நல்ல மதிப்பெண் கொடுத்து, 'கூடவே ஒரு சைரனும் வேண்டும்' என்று எழுதியிருந்தாள். பூவை டைரக்டர் எடுத்துக்கொண்டார்.

மர்யம் அவருடைய அறைக்குப் போனாள். "சார், பூ இருக்கட்டும். கீழ சைரனும் ஒண்ணு இருக்கட்டும்."

"சைரன் வெச்சுட்டா, அப்பறம் பூவை யார் பார்ப்பா?"

"பூ விரிஞ்சா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியாதே சார். பக்கத்துல ஒரு போர்டாவது..."

"போர்டுன்னா எழுத்து. எழுத்தும் ஒரு சத்தம்தான் மேடம். கண்ணுக்குக் கேக்கற சத்தம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்கதானே கிளாஸ்ல சொன்னேள், கருவி ஓரமா இருக்கணும்னு? நான் உங்ககிட்டேர்ந்துதான் கத்துண்டேன்."

மீதிப் பாதியையும் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்களை மூடி மூச்சை இழுத்துவிட ஆரம்பித்திருந்தார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அந்த வாரம் அவளுடைய மேசை விளக்கு மஞ்சளாயிற்று. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இருந்தது. மர்யம் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. விளக்கு மறுபடி நீலமாயிற்று. தன் பங்குக்குச் சொரிமுத்துவைக் கூப்பிட்டு, கீழே நாற்றம் ஏதாவது அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

"சாமானை அப்பிடியே போட்டுட்டு வந்தா, அம்புட்டும் பாழாப் போவுமே டீச்சர்," என்றார் அவர்.

"போகட்டும் அண்ணாச்சி."

"சரி," என்றார். ஒரு பெண்பிள்ளை வருத்தப்படக்கூடாதே என்று சொன்ன 'சரி' அது.

நவம்பரில் தரச்சான்று கொடுக்கும் குழு வந்தது. டெல்லியிலிருந்து ஐந்து பேர். கடைசி நாள் அவர்களை உட்காரவைத்துப் பேச, ஒரு பெரிய மேசையை ரெசினிலேயே வார்க்க வேண்டும் என்று டைரக்டருக்குத் தோன்றிவிட்டது. உள்ளே கடல் இருப்பதுபோல நீல மேசை. ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடுக்கடுக்காக ஊற்றிக் காயவிட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் தனக்குள்ளேயே சூடேறிக் கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். நேரமில்லை என்பதால் ஒரேயடியாக ஊற்றச் சொல்லிவிட்டார்கள். ஊற்றிய மாணவர்களை மேலே விருந்தினரை வரவேற்க அனுப்பிவிட்டு, மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொரிமுத்துவை நிறுத்தினார்கள்.

மர்யம் இரண்டாம் மாடியில் வகுப்பை முடித்துவிட்டு டீ குடிக்க இறங்கினாள். மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் நின்றாள். கீழே கூடம் முழுக்க ஆட்கள். குழுவினர் ஐந்து பேரும் மாலையோடு நின்றார்கள். எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே உயர்ந்து, விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பாதிப் பேர் கையில் போன். ரீல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பூ, ஒவ்வொரு இதழாக விரிந்துகொண்டிருந்தது.

"பாருங்கள்," என்று டைரக்டர் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "இது அழைக்காது. கட்டளையிடாது. நம்மோடு சேர்ந்து மூச்சுவிடும். விருந்தினர் வந்ததை உணர்ந்து மலர்கிறது என்றே நான் நம்ப விரும்புகிறேன்."

கடைசி இதழும் விரிந்து, பூ முழுதாக நின்றது.

மர்யம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "கீழ யாரு இருக்கா?" என்று கத்தினாள். குழுத் தலைவர் முகம் சுளித்தார். டைரக்டர் உதட்டில் விரலை வைத்தார். ஸ்ரீலேகா மட்டும் பூவைப் பார்த்தாள், மர்யமைப் பார்த்தாள், முகம் வெளுத்து அவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

தடித்த கதவை இரண்டு பேருமாக இழுத்தார்கள். புகை முகத்தில் அடித்தது. சொரிமுத்து கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். மேசை அச்சைப் பாதித் தூரம் இழுத்துவந்திருந்தார், காப்பாற்றப் பார்த்திருக்கிறார். பிறகு கதவைத் தனியாகத் திறக்க முடியாமல் தட்டியிருக்கிறார். கதவின் உள்பக்கப் பஞ்சுமெத்தை, கை பட்ட இடத்தில் பிய்ந்திருந்தது. சாம்பல் சட்டை, சாம்பல் தரை. புகையில் ஆள் எங்கே முடிகிறார், தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்தது. குழு இன்னும் உள்ளே இருக்கிறது, தெருமுனையிலேயே சைரனை நிறுத்தச் சொல்லுங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்ததாக வாட்ச்மேன் சொன்னான். சைரனை நிறுத்தியதும் முன்னால் நின்ற டெம்போ வழிவிடவில்லை, வாசலுக்கு வந்துசேரவே நேரமாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சொரிமுத்து இறந்துபோனார். மர்யம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி இசக்கியம்மாள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணைக் கமிட்டி அமைத்தார்கள். மர்யமைக் கூப்பிட்டார்கள். ஃபேன், கதவு, அலாரம் எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கே யாரும் பேசவில்லை. எல்லோரும் மிகுந்த அமைதியோடு கேட்டார்கள். பிறகு டைரக்டர் பேசினார்.

"நான் உணர்ச்சிவசப்பட விரும்பவில்லை. தரவைப் பார்ப்போம். சென்சார் வேலை செய்தது. பூ சரியான நேரத்தில் விரிந்தது. கதவு, தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் துளியும் குறையாமல் சத்தத்தைத் தடுத்தது. ஆக நம் கருவி எதுவும் தவறவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பெரும் அவசரம் தொடங்கி முடியும்வரை, இந்த வளாகத்தில் ஒரே ஒருவரைத் தவிர யாரும் பதறவில்லை. நெரிசல் இல்லை, ஓட்டம் இல்லை. இதற்கு இணையான பதிவு வேறெந்தக் கல்லூரியிலும் இருக்காது என்று நினைக்கிறேன். குறை என்று சொன்னால் ஒன்றுதான். இறந்தவர், பூவைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றிருக்கவில்லை."

கமிட்டி உறுப்பினர்கள் கைகளைத் தூக்கி விரல்களை அசைத்தார்கள். நடுவில் ஒருவருக்கு உறைத்து, கையை இறக்கிக்கொண்டார்.

பூவுக்கு வெளிநாட்டில் ஒரு பரிசு கிடைத்தது. ஸ்ரீலேகா வாங்கப் போகவில்லை. மர்யமின் அறைக்கு வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். என் பூ ஒழுங்கா வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது," என்றாள் மர்யம்.

"அப்படீன்னா நான் எங்க தப்பு பண்ணினேன்?"

"நீ மார்க் வாங்கறதுக்குச் செஞ்சே. அவங்க அதை மட்டுமே நம்பறதுக்கு எடுத்துக்கிட்டாங்க. நான் எழுதிக் குடுத்து, ஒரு தடவை சொன்னதோட நிறுத்திக்கிட்டேன். மூணு பேரும் சேர்ந்துதான்."

ஸ்ரீலேகா அழுதாள். அங்கே பழகிய பழக்கத்தில் சத்தமே வராமல் அழுதாள். மர்யமால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

கமிட்டியின் பரிந்துரைப்படி, ஊழியர்களுக்குக் 'கவனிப்புப் பயிற்சி' தொடங்கினார்கள். பூவை எப்படிப் பார்ப்பது என்று வாட்ச்மேன்களுக்கும் கூட்டுபவர்களுக்கும் மர்யம் கற்பிக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, "நாத்தம் அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "கத்தணும். எங்க, கத்துங்க," என்றாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு அம்மாள் மெல்லக் கத்தினாள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சத்தம் எழுந்து எத்தனையோ நாளாயிற்று. மறுநாள் அவளுடைய விளக்கு மஞ்சளானது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மே மாதம் ஒருநாள் அணைந்தேபோனது.

இதற்கு நடுவில், ஜனவரியில், சொரிமுத்துவுக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் வழியில், வெளிச்சுவரில், அவர் முகத்தைப் பெரிதாக அச்சிட்டார்கள். அச்சிட்டது வெப்பத்தில் மறையும் மையால். முப்பத்தொரு டிகிரிக்குமேல் போனால் நிறம் போய்விடும், குளிர்ந்தால் திரும்பி வரும். "சார், வெயில் காலத்துல சுவர்ல ஒண்ணுமே இருக்காதே," என்று மர்யம் சொன்னாள். "அதுதான் மேடம் விஷயமே," என்றார் டைரக்டர். "இல்லாமையையே நாம டிசைன் பண்றோம்." திறப்பு விழாக் காலையில் நல்ல குளிர். முகம் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். இசக்கியம்மாள் காரியங்களுக்காக ஊருக்குப் போனவள், அப்போது திரும்பியிருக்கவில்லை.

அவள் வந்தது மே மாதத்தில். ஒப்பந்தம் முடிந்து, மர்யம் தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு புறப்பட்ட அதே நாள். மத்தியான வெயில். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தலைவாரிப் பூ வைக்காமல், கேட்டில் நின்று, "அவுக படம் வெச்சிருக்காவளாமே, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள்.

மர்யம் கூட்டிப்போனாள். சுவர் வெறுமையாக இருந்தது.

"எங்க?" என்றாள் இசக்கியம்மாள்.

"இங்கதான் மதினி. சூடு பட்டா மறைஞ்சிரும். அப்படி ஒரு மை."

"சூடு பட்டாலா? பம்பாய்லயா?" என்று கேட்டாள். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

மர்யம் கேன்டீனுக்கு ஓடினாள். ஒரு பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் வாங்கி வந்தாள். துப்பட்டாவை எடுத்து நனைத்துச் சுவரில் ஒற்றினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி நனைத்து ஒற்றினாள். நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண்கள் வந்தன. ஓடியோடி ஒற்றியதில் மூக்கும் மீசையும் வந்து, முகம் முழுதாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருக்கும் சொரிமுத்து. தண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

சாம்பல் சட்டைக்காரர் ஒருவர் வந்து, சுவரை நனைக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். சுவரில் தெரிந்த முகத்தைப் பார்த்தார். அப்படியே பக்கத்தில் நின்றுகொண்டார்.

வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. நெற்றி மங்க ஆரம்பித்தது.

"கேன்டீன்ல ஐஸ் இன்னும் இருக்கு மதினி, வாங்கிட்டு வாறேன்," என்று மர்யம் பக்கெட்டை எடுத்தாள்.

இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேண்டாம்மா. அன்னைக்கு அவுக போகையில நான் பக்கத்துல இல்ல. இன்னைக்கு இருக்கேன்லா."

இரண்டு பேரும் நின்றார்கள். புருவம் போயிற்று. கண்கள் கொஞ்ச நேரம் இருந்தன, பிறகு அவையும் போயின. மீசை கடைசியாகப் போயிற்று. இசக்கியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, தாராவிச் சந்தில் எப்படி அழுவாளோ அப்படி, உரக்க அழ ஆரம்பித்தாள். மேல்மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.